ஏப்ரல் 1971: மறுத்தவர் யார்?

2023இல் வந்த 'சாம் பகதூர்' படத்தைப் பார்த்தவர்களுக்கு அந்தக் காட்சி நினைவிருக்கும். 1971 ஏப்ரல். இன்றைய வங்கதேசமான கிழக்குப் பாகிஸ்தானிலிருந்து அகதிகள் வந்து குவிகிறார்கள். உடனே படையை அனுப்பச் சொல்கிறார் பிரதமர் இந்திரா காந்தி. மழைக்காலம் நெருங்குகிறது, படை தயாராக இல்லை, இப்போது போனால் தோல்விதான் என்று மறுக்கிறார் தரைப்படைத் தளபதி மானெக்‌ஷா. ஓய்வுபெற்றுக் குன்னூரில் வாழ்ந்த அவரே பலமுறை சொன்ன கதை இது. ஒரு நாடு எப்போது போரில் இறங்கலாம் என்ற பேச்சு வந்தாலே இதை எடுத்துக்காட்டுவார்கள். இதற்குக் காகிதச் சான்று உண்டா என்று தேடத் தொடங்கினேன்.

முதலில் சிக்கியது ஒரு போட்டிக் கதை. அப்போது கிழக்குப் பிராந்தியப் படையில் தளபதிக்கு அடுத்த நிலையில் இருந்த ஜே.எஃப்.ஆர். ஜேக்கப், 1997இல் வெளியிட்ட நூலில் வேறு மாதிரி எழுதுகிறார். உடனே உள்ளே நுழையும்படி தொலைபேசியில் சொன்னவரே மானெக்‌ஷாதான். பாலம் போடத் தளவாடம் இல்லை, மழை வருகிறது, நவம்பர் 15க்கு முன் முடியாது என்று மறுத்தவர் ஜேக்கப். காரணங்கள் ஏறக்குறைய அவையேதான், மறுத்த ஆள்தான் வேறு.

இருவரில் யார் சொல்வது சரி என்று காட்டக்கூடிய கோப்புகள் கிழக்குப் பிராந்தியத் தலைமையகமான கொல்கத்தா வில்லியம் கோட்டையில் இருந்திருக்க வேண்டும். 1974இல் கிழக்குப் பிராந்தியத் தளபதியாகத் திரும்பிய ஜேக்கப் அவற்றைக் கேட்டபோது, கிழித்து அழித்தாகிவிட்டது என்று பதில் வந்ததாம். 2010இல் இதை அவரே பத்திரிகையிடம் சொன்னார். வென்ற போரின் ஆவணங்களை ஒரு நாடு இப்படித் தொலைக்கலாமா?

நல்லவேளையாக, பிரதமரின் செயலாளர் பி.என். ஹக்சரின் தாள்கள் டெல்லி தீன் மூர்த்தி நூலகத்தில் பிழைத்திருக்கின்றன. எதிர்க்கட்சித் தலைவர்களைப் பிரதமர் மே 7ஆம் தேதி சந்திப்பதற்காக அவர் எழுதிக்கொடுத்த குறிப்பில் விஷயம் தெளிவாக இருக்கிறது. இப்போது படையெடுத்தால், வங்கதேசத்துக்கு உலகில் எழுந்திருக்கும் அனுதாபமெல்லாம் இந்திய-பாகிஸ்தான் சண்டையாகச் சுருங்கி மூழ்கிவிடும். அங்குள்ளவர்களின் போராட்டத்தைத் தாங்கிப்பிடிப்பதே இப்போதைய வேலை. வரலாற்றாசிரியர் ஸ்ரீநாத் ராகவன் இத்தகைய தாள்களை வைத்துத்தான், இந்திரா அவசரப்பட்டார் என்ற கதையே நிற்காது என்கிறார். எனக்கும் அப்படித்தான் படுகிறது. தளபதிகளின் காரணங்கள் உண்மையானவை. ஆனால் பொறுத்திருப்பது என்பது ஒரு வீரர் பிரதமருக்குக் கற்பித்த பாடமல்ல, அரசே யோசித்து எடுத்த நிலை.

அந்த மாதங்கள் வீணாகவில்லை. வங்கதேச விடுதலைப் படையான முக்தி வாகினி பயிற்சி பெற்றது. ஆகஸ்ட் 9இல் இந்திய-சோவியத் ஒப்பந்தம் கையெழுத்தானது. டிசம்பரில் ஐ.நா. பாதுகாப்பு அவையில் சோவியத் வீட்டோ போர்நிறுத்தத் தீர்மானங்களைத் தடுத்தது. டிசம்பர் 3இல் பாகிஸ்தான் விமானங்கள் தாக்கின. 16இல் டாக்கா சரணடைந்தது.

ஆனால் அந்தக் காத்திருப்புக்கு விலை கொடுத்தவர்கள் எல்லைக்கு அப்பால் கொல்லப்பட்டவர்களும், மேற்கு வங்கத்தின் போங்காவ் முகாமில் காலராவில் மடிந்தவர்களும், ஏறத்தாழ ஒரு கோடி அகதிகளும். காத்திருக்கக் கூடாது, உடனே செயல்பட வேண்டும் என்று அந்த வசந்தத்திலேயே வாதிட்டவர் திருச்சியில் பிறந்த பாதுகாப்பு அறிஞர் கே. சுப்ரமணியம். அவர் வாதத்தை நான் ஏற்கவில்லை. ஆனாலும் 1971ஐப் பற்றி எழுதுகிறவர்கள் தளபதியின் மறுப்புக்குக் கொடுக்கும் இடத்தை அதற்கும் கொடுக்க வேண்டும். 25 ஆண்டு கடந்த போர் ஆவணங்களைத் திறக்கலாம் என்று பாதுகாப்பு அமைச்சகம் 2021இல் கொள்கை வகுத்திருக்கிறது. மிஞ்சிய 1971 கோப்புகளிலிருந்து அதைத் தொடங்கட்டும்.