அப்பா தினமும் வாக்கிங் போகிறார், அது மட்டும் போதுமா? 60 வயதுக்குப் பிறகு தசையைக் காக்கும் எளிய பயிற்சிகள்

உங்களுக்கு ஐரோலியில் ஐ.டி. வேலை. அப்பா, அம்மா செம்பூரிலோ தாராவியிலோ, இல்லை ஊரிலோ இருக்கிறார்கள். உடம்பு எப்படி இருக்கிறது என்று கேட்டால், "தினமும் வாக்கிங் போறேன், சுகர் கண்ட்ரோல்ல இருக்கு" என்று பதில் வரும். நல்ல விஷயம்தான். ஆனால், சோபாவிலிருந்து எழும்போது கையை ஊன்றுகிறாரா, லோக்கல் ரயிலில் ஏறும்போது கம்பியைப் பிடித்து உடம்பை இழுத்துக்கொள்கிறாரா என்று கவனித்திருக்கிறீர்களா? சுகர் ரிப்போர்ட்டில் இது தெரியாது. இது தொடைத் தசையின் பிரச்னை.

நடை மட்டும் ஏன் போதாது?

வயது கூடக்கூடத் தசையின் அளவும் பலமும் குறைவதை மருத்துவர்கள் 'சார்கோபீனியா' என்கிறார்கள். 1989-ல் இர்வின் ரோசன்பெர்க் என்ற அமெரிக்க மருத்துவர் வைத்த பெயர் இது. இதில் அதிகம் சுருங்குவது, வேகமாக இயங்கும் தசை நார்கள். கால் இடறும்போது நம்மைச் சட்டென்று தாங்கிப் பிடிப்பவை அவைதான். மெதுவான நடை அவற்றுக்குப் பெரிய வேலை எதுவும் கொடுப்பதில்லை.

அதனால்தான் உலக சுகாதார அமைப்பின் 2020 வழிகாட்டுதல், 65 வயதைத் தாண்டியவர்களுக்கு வாரம் 150 நிமிட நடையோடு, குறைந்தது 2 நாள் தசை வலுப்பயிற்சியும் 3 நாள் சமநிலைப் பயிற்சியும் வேண்டும் என்கிறது. நம் வீடுகளில் நடையோடு நிறுத்திக்கொள்கிறோம்.

'இந்த வயசுல இனிமே எதுக்கு?'

அம்மா இப்படிக் கேட்டால் சொல்ல பதில் இருக்கிறது. 1990-ல் பாஸ்டனில், முதியோர் இல்லத்தில் இருந்த 90 வயதையொட்டிய 10 பேருக்கு 8 வாரம் எடைப் பயிற்சி தரப்பட்டது. முடித்த 9 பேரின் கால் பலம் சராசரியாக 174 சதவீதம் கூடியது.

நம்மூரிலும் உதாரணம் உண்டு. பொள்ளாச்சியைச் சேர்ந்த 82 வயது கிட்டம்மாள், 2025-ல் கோவையில் நடந்த போட்டியில் 50 கிலோ தூக்கினார். எல்லோரும் அந்த அளவுக்குப் போக வேண்டியதில்லை. வயதானாலும் தசை பயிற்சிக்குக் கட்டுப்படும் என்பதுதான் விஷயம்.

வீட்டிலேயே ஒரு சோதனை

நாற்காலியைச் சுவரோடு ஒட்டிப் போடுங்கள். கைகளை மார்பின் மேல் கட்டிக்கொண்டு 5 முறை எழுந்து உட்காரச் சொல்லுங்கள். நீங்கள் பக்கத்தில் நின்று மொபைலில் நேரம் பாருங்கள். 12 நொடியோ அதற்கு மேலோ ஆனால், ஆசிய நாடுகளுக்கான 2019 வரையறைப்படி அது எச்சரிக்கை மணி. டாக்டரிடம் காட்டுவது நல்லது.

என்ன செய்யலாம்?

- உட்கார்ந்து எழுதல்: 8 முதல் 10 முறை. முதலில் கை ஊன்றலாம், பிறகு ஊன்றாமல்.
- சுவரில் தள்ளுதல்: சுவரில் உள்ளங்கை வைத்து, முழங்கையை மடக்கி நீட்ட வேண்டும்.
- குதிகால் உயர்த்துதல்: சமையலறை மேடையைப் பிடித்தபடி.
- பாட்டில் தூக்குதல்: 1 லிட்டர் தண்ணீர் என்றால் 1 கிலோ. அரை லிட்டரில் தொடங்கலாம்.
- ஒற்றைக் காலில் நிற்றல்: மேடையைப் பிடித்துக்கொண்டு 10 நொடி.

வாரத்துக்கு 2 நாள், இடையில் ஓய்வு. கடைசி இரண்டு முறை கொஞ்சம் கஷ்டமாக இருக்க வேண்டும், வலிக்கக் கூடாது. 15 முறை சுலபமாக வந்தால் எடையைச் சற்றுக் கூட்டுங்கள். கூட்டாமலே விட்டால் பலன் அங்கேயே நின்றுவிடும். மூச்சை அடக்கவே கூடாது. எழும்போது மூச்சை வெளியே விடச் சொல்லுங்கள்.

தட்டில் என்ன இருக்கிறது?

முதியவர்களுக்கு உடல் எடையில் ஒரு கிலோவுக்கு 1 முதல் 1.2 கிராம் புரதம் தேவை என்பது நிபுணர்கள் பரிந்துரை. 60 கிலோ இருப்பவருக்குத் தினம் 60 முதல் 72 கிராம். காலையில் இட்லி, மதியம் ரசம் சாதம், இரவு கஞ்சி என்றால் இது எட்டாது. 2 முட்டையில் சுமார் 12 கிராம், 50 கிராம் கொண்டைக்கடலையில் சுமார் 10 கிராம் கிடைக்கும். மூன்று வேளைக்கும் பிரித்துக் கொடுங்கள். சிறுநீரக நோய் இருந்தால் டாக்டரைக் கேட்காமல் புரதத்தைக் கூட்டாதீர்கள்.

யார் முதலில் டாக்டரைக் கேட்க வேண்டும்?

இதய நோய், கட்டுக்குள் வராத பிபி, நீரிழிவால் விழித்திரை பாதிப்பு, சமீபத்தில் கண் அல்லது மூட்டு அறுவை சிகிச்சை உள்ளவர்கள். இன்சுலின் போடுபவர்களுக்குப் பயிற்சியால் சுகர் திடீரென்று இறங்கலாம். நெஞ்சு வலி, தலைசுற்றல் வந்தால் உடனே நிறுத்த வேண்டும்.

நீங்கள் என்ன செய்யலாம்?

"செய்யுங்கப்பா" என்று லிங்க் அனுப்பினால் நடக்காது. செவ்வாய், வெள்ளி இரவு 20 நிமிடம் வீடியோ காலில் சேர்ந்து செய்யுங்கள். முதல் நாள் ஆன நொடிகளைக் குறித்து வைத்து, 3 மாதம் கழித்து அதே நாற்காலியில் மறுபடி பாருங்கள்.