கடலடியில் ஒரு நடுகல்

போரில் வீழ்ந்தவனுக்குக் கல் நடுவது நம் மரபு. பெயரும் பீடும் பொறித்து நாட்டிய அக்கல், பிற்காலத்தார்க்கு வரலாற்றுச் சான்றாகவும் நின்றது. கடலில் மடிந்தவனுக்கோ கல் நட நிலமில்லை. அவனோடு மூழ்கிய கலமே அவனுக்குக் கல்லறையும் நடுகல்லும் ஆகின்றது. டச்சுக் கடற்படையைச் சார்ந்த ‘ஓ 16’ என்னும் நீர்மூழ்கிக் கப்பலின் வரலாறு இவ்வுண்மையை உணர்த்துவதாகும்.

தாய்நாட்டுக் கடற்பணிக்கெனக் கட்டிய நீர்மூழ்கிகளுக்கு ‘ஓ’ என்றும், குடியேற்ற நாடாகிய கிழக்கிந்தியத் தீவுகளின் பணிக்கெனக் கட்டியவற்றிற்குக் ‘கே’ என்றும் டச்சுக்காரர் முன்னாளில் பெயரிட்டு வந்தனர். ஓ 16 பிளிசிங்கன் நகரில் உருவாகி, 1936இல் பணியில் சேர்ந்தது. மறு ஆண்டின் தொடக்கத்தில் வெனிங் மைனஸ் என்னும் அறிஞர் அதில் அட்லாண்டிக் கடலைக் கடந்து, நிலவுலகின் ஈர்ப்புவிசையை அளந்தார். அலையின் ஆட்டம் எட்டாத ஆழத்தில்தான் அவர்தம் கருவி செவ்வனே இயங்கும். அறிவுத் தேட்டத்திற்குத் துணைநின்ற அக்கலம், நான்கே ஆண்டுகளில் போர்க்களம் புகுந்தது.

1940 மே திங்களில் தாய்நாடு செருமனியிடம் வீழ்ந்தது. 1941 திசம்பர் 8ஆம் நாள், சப்பான் மீது டச்சு அரசு போர் அறிவித்தது. மலேயாவைக் காக்கும் பொறுப்பில் ஆங்கிலேயரின் ஆணைக்குட்பட்டுச் சென்ற ஓ 16, தளபதி புஸ்ஸமேக்கரின் தலைமையில், தாய்லாந்தின் பட்டானிக் கடற்கரையை அடைந்தது. திசம்பர் 12ஆம் நாள், ஆழம் குறைந்த நீரில் நங்கூரமிட்டிருந்த நான்கு சப்பானியப் படைக்கப்பல்களை அது டார்பிடோ கொண்டு தாக்கியது. வெற்றியுடன் சிங்கப்பூருக்குத் திரும்புகையில், திசம்பர் 15ஆம் நாள் பின்னிரவில் தியோமான் தீவுக்கு அப்பால் கண்ணிவெடியில் மோதிப் பிளவுண்டு மூழ்கியது. ‘தட்சுமியா மாரு’ என்னும் சப்பானியக் கப்பல், போர் மூளும் முன்னரே அங்கு நூற்றுக்கணக்கில் கண்ணிவெடிகளை விதைத்திருந்தது.

கலத்தில் இருந்தோர் 42 பேர். மேற்புறத்தில் நின்ற சிலர் மட்டுமே அலைகளில் வீசப்பட்டு நீந்தலாயினர். அவரும் ஒருவர்பின் ஒருவராய் வலிமை குன்றி மூழ்க, கொர்னேலிஸ் டி வொல்ஃப் என்பவர் ஒருவரே தீவொன்றில் கரையேறினார். 41 பேரின் இறுதியை உலகுக்கு உரைக்க எஞ்சியது அவ்வொரு நாவே. ஆறு நாள் கழித்து, அதே கண்ணிவெடிப் பரப்பில் கே 17 என்னும் கலம் தன் 36 பேரோடும் அழிந்தது. அவர்தம் முடிவைச் சொல்ல ஒருவரும் மீளவில்லை.

கே 17 கிடந்த இடம் 1982இலும், ஓ 16 கிடந்த இடம் 1995இலும் கண்டறியப்பட்டன. அரை நூற்றாண்டுக்குப் பின், உற்றாருக்குத் தம்மவர் துயிலும் இடம் இன்னதெனத் தெரிந்தது. ஆனால் அவ்வாறுதல் நிலைக்கவில்லை. உலோகத்தின் விலை கருதிய திருடர், மூழ்கிய போர்க்கப்பல்களைத் துண்டு துண்டாய் அறுத்தெடுக்கத் தொடங்கினர். சாவகக் கடலில் டச்சுப் போர்க்கப்பல்கள் காணாமற்போன செய்தி 2016இல் வெளிப்பட்டது. 2019இல் ஓ 16, கே 17 ஆகிய இரண்டும் ஏறத்தாழ முழுமையும் மறைந்துவிட்டமை தெரியவந்தது.

அவ்வீரர் காக்க முனைந்தது அயலார் மண்ணை ஆண்ட பேரரசு ஒன்றையே என்பதை வரலாறு மறக்கலாகாது. எனினும், இறந்தோரின் உறைவிடத்தைக் குலைத்து விற்பதற்கு அது நியாயம் ஆகாது. கரையில் நட்ட கல் சாய்ந்தால் காண்போர் உண்டு. நீரடியில் நிகழும் களவுக்குச் சாட்சி இல்லை. கலம் போயிற்று. ஒருவர் உயிர்பிழைத்து வந்து உரைத்ததும், அதனைப் பிறர் எழுதிவைத்ததுமே இன்று எஞ்சியுள்ளன. கல்லும் இரும்பும் காக்கத் தவறியதை எழுத்து காத்து நிற்கின்றது. வரலாறு எழுதுவோரின் கடமை இதனினும் பெரிதாய் வேறொன்றில்லை.