பேரில்லாத பஸ்

தென்காசிப் பக்கம் அம்பது வயசு தாண்டின யாரையாவது கேட்டுப் பாருங்க, இன்னமும் "கட்டபொம்மன்ல வந்தேன்"னுதான் சொல்லுவாங்க. எங்க அப்பாவும் அப்படித்தான். ஆனா எனக்கு விவரம் தெரிஞ்ச நாள்லேர்ந்து குற்றாலம் போற எந்த பஸ்லயும் அந்தப் பேர் கிடையாது. 'தமிழ்நாடு அரசுப் போக்குவரத்துக் கழகம்', அவ்ளோதான். சரி, பேரை யாரு எடுத்தா, ஏன் எடுத்தாங்கன்னு தோண்ட ஆரம்பிச்சேன். சுவாரசியமா ஏதாவது கிடைக்கும்னு நினைச்சா, கிடைச்சது வேற.

1972-ல பெரிய தனியார் கம்பெனி பஸ்களை எல்லாம் அரசு எடுத்துக்கிட்டப்போ மூவேந்தரும் வந்தாச்சு. கோவைக்குச் சேரன், கும்பகோணத்துக்குச் சோழன், மதுரைக்குப் பாண்டியன் (இது முக்கால்வாசி டிவிஎஸ் பஸ்கள்தான்). சென்னைக்குப் பல்லவன். மதுரைப் பாண்டியன்லேர்ந்து நெல்லைப் பக்கத்தைப் பிரிச்சு 1974 ஜனவரி 1-ல கட்டபொம்மன் போக்குவரத்துக் கழகம். அதுலேர்ந்து நாகர்கோவிலைப் பிரிச்சு 1983-ல நேசமணி.

அப்புறம் ஒவ்வொரு தடவை பிரிக்கும்போதும் ஒரு பேர் வேணுமே! தீரன் சின்னமலை, மருது பாண்டியர், ராணி மங்கம்மாள், ஜீவா, பட்டுக்கோட்டை அழகிரி, அழகுமுத்துக்கோன்... லிஸ்ட் நீண்டுக்கிட்டே போச்சு. இதுல பாதிப் பேருக்குப் பின்னால "இவர் எங்காளு"ன்னு ஒரு சாதி வந்து நின்னுச்சுங்கறதையும் சொல்லணும். அரசியல்வாதிகளுக்கு அது தெரியாமலா இருக்கும்? பஸ்ஸுக்கு மட்டுமில்ல, மாவட்டத்துக்கும் இப்படித்தான். நம்ம தென்காசி அப்போ இருந்தது 'நெல்லை கட்டபொம்மன்' மாவட்டத்துல.

1997 மே மாசம் விருதுநகர்ல ஒரு புதுக் கழகம். பேர், வீரன் சுந்தரலிங்கம். கட்டபொம்மனோட தளபதி, கவர்னகிரிக்காரர், வெள்ளைக்காரனோட வெடிமருந்துக் கிடங்குக்குள்ள பாய்ஞ்சு உயிரை விட்டவர்னு நாட்டார் கதைகள்ல வர்றவர். தேவேந்திரகுல சமூகத்துல பிறந்தவர். ராஜாவோட பேர் போட்ட பஸ்ல இருபது வருஷத்துக்கு மேல ஏறி இறங்கினவங்கள்ல ஒரு பகுதி, தளபதியோட பேர் போட்ட பஸ்ல ஏற மாட்டோம்னு நின்னாங்க. காரணம் சாதிதான், வேற ஒண்ணும் கிடையாது. இத்தனைக்கும் சென்னையில 1994-லேர்ந்தே டாக்டர் அம்பேத்கர் பேர்ல கழகம் ஓடிக்கிட்டு இருந்தது. அங்க இதுக்காக இப்படி ஒரு கலவரம் வரலை.

இங்க வந்தது. மண் ஏற்கெனவே சூடாத்தான் இருந்தது. 1995-ல சங்கரன்கோவில் பக்கம் வீரசிகாமணியில ஒரு பஸ் டிரைவருக்கும் மாணவர்களுக்கும் நடந்த தகராறு சாதிக் கலவரமா வெடிச்சு, கொடியன்குளம் வரைக்கும் போயிருந்தது. 1997-ல மறுபடி கல்வீச்சு, தீவைப்பு, உயிர்ப்பலி.

அரசு கண்டுபிடிச்ச தீர்வு என்ன தெரியுமா? அந்த வருஷம் ஜூலையிலயே எல்லாக் கழகத்துக்கும் பேரை எடுத்தாச்சு. மாவட்டப் பேரும் காலி. எங்க வேலையில ஒரு பழக்கம் உண்டு: பக் வந்தா, அதைச் சரி பண்ண நேரமில்லாம அந்த ஃபீச்சரையே தூக்கிடுவோம். கிளையண்ட்டும் சந்தோஷமா போயிடுவார். கிட்டத்தட்ட அதே கதை. "எல்லாருக்கும்தானே எடுத்தாங்க, சமம்தானே?"ன்னு என் நண்பன் கேட்டான். எனக்கு அப்படித் தோணலை. மத்த பேரெல்லாம் வருஷக்கணக்கா பஸ்ல ஊர் சுத்தினவை. சுந்தரலிங்கத்துக்குக் கிடைச்சது ரெண்டே மாசம். ஏற மாட்டேன்னவங்க கேட்டது நடந்துடுச்சு, அவ்ளோதான்.

இதுல என்னை ரொம்ப யோசிக்க வச்சது இதுக்கும் அறுபது எழுபது வருஷம் முந்தின சங்கதி. இப்ப விருதுநகர் மாவட்டமா இருக்கிற பகுதி, தென்காசிக்கு வடக்கே இருக்கிற ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் எல்லாம் அன்னிக்கு ராமநாதபுரம் ஜில்லா. அங்க தனியார் பஸ் முதலாளிகள் தாழ்த்தப்பட்டவங்களை ஏத்த மாட்டாங்க. டிக்கெட்டுலயே அப்படி அச்சடிச்ச கம்பெனிகளும் உண்டு. 1930-ஐ ஒட்டி ஜில்லா போர்டு தலைவரா இருந்த சுயமரியாதை இயக்கத்துக்காரர் டபிள்யூ.பி.ஏ. சௌந்தரபாண்டியன், ஏத்த மறுத்தா லைசென்ஸ் ரத்துன்னு உத்தரவு போட்டார். அப்புறம்தான் வழிக்கு வந்தாங்க. (தி.நகர் பாண்டி பஜார்ல துணி எடுக்கிறவங்க கவனிக்க: அந்தப் 'பாண்டி' இவர்தான்!)

ஆக, அதே ஜில்லாவுல முதல்ல "நீ ஏறாதே", அப்புறம் "உன் பேர் இருந்தா நான் ஏற மாட்டேன்". முதல் தடவை அதிகாரத்துல இருந்தவர் லைசென்ஸ்ல கை வச்சார். ரெண்டாவது தடவை பெயிண்ட் டப்பாவுலதான் கை வச்சாங்க.

இப்போ தென்காசி பஸ் ஸ்டாண்டுல நின்னா எந்த ஊர் வண்டின்னு நம்பர் பிளேட்டைப் பார்த்துத்தான் கண்டுபிடிக்கணும். 72-ன்னா திருநெல்வேலி, 74-ன்னா நாகர்கோவில், 67-ன்னா விருதுநகர். அந்தக் களேபரத்துல திருவள்ளுவர் போக்குவரத்துக் கழகமும் பேரை இழந்து அரசு விரைவுப் போக்குவரத்துக் கழகம் ஆயிடுச்சு. வள்ளுவர் எந்தச் சாதின்னு நினைச்சு அவரையும் எடுத்தாங்களோ!