உப்புக்காற்றும் குழல் வீக்கமும்: புத்தளக் கரையோரத்தில் அரைத் தன்னியக்கக் கைத்துப்பாக்கிகளின் குழற்பழுதுக்குக் காரணங் காணல்

பாலாவியிலிருந்து நுரைச்சோலை வழியாகக் கற்பிட்டி முனைவரை நீளும் நிலத்தின் ஒருபுறம் கடலும், மறுபுறம் வறட்சிக் காலத்தில் கடல்நீரைவிட உப்பேறும் புத்தளக் களப்பும் கிடப்பதால், அங்கு இரும்புப் பொருள் எதுவும் நெடுநாள் பழுதின்றிக் கிடப்பதில்லை. ஒல்லாந்தர் 1667இல் தொடங்கி 1676இல் கட்டி முடித்த கற்பிட்டிக் கோட்டை இன்று கடற்படையின் பொறுப்பில் இருக்கிறது. ஆயுதத்தைத் துருவிலிருந்து காப்பது அக்கரையில் மூன்றரை நூற்றாண்டுக் கவலை எனலாம். இத்தகைய சூழலில் ஒரு கைத்துப்பாக்கியின் குழல் வீங்கினாலோ பிளந்தாலோ பழியை உப்புக்காற்றின்மேல் போடுவது எளிது. அந்த எளிய முடிவு பெரும்பாலும் பிழையானது என்பதும், உப்பு குழலை அரிக்கிறதேயன்றி அதனை நேரடியாகப் பிளப்பது அரிது என்பதும், பிளப்புக்கான காரணத்தைக் குழலில் தேடுமுன் தோட்டாவில் தேட வேண்டும் என்பதும் இக்கட்டுரையின் வாதம்.

விசையை ஒருமுறை இழுத்தால் ஒரு வேட்டு மட்டும் தீர்ந்து, அவ்வேட்டின் விசையாலேயே வெற்றுக் கோது வெளியேறி அடுத்த தோட்டா ஏறும் அமைப்பே அரைத் தன்னியக்கம் எனப்படும். அதன் குழலின் பின்பகுதி தோட்டா அமரும் அறையாகவும், முன்பகுதி ரவையைச் சுழலச் செய்யும் புரிகள் வெட்டப்பட்ட துளையாகவும் இருக்கும். 1902இல் அறிமுகமாகி இன்று மிகப் பரவலாக உள்ள 9 மி.மீ. பாரபெல்லம் தோட்டாவுக்கு ஐரோப்பிய நியமம் அனுமதிக்கும் உச்ச அழுத்தம் 235 மெகாபாஸ்கல் ஆகும். அறையின் உள்விட்டம் 10 மி.மீ., வெளிவிட்டம் 16 மி.மீ. எனக் கொண்டு தடித்த சுவர் உருளைக்கான சமன்பாட்டால் கணித்தால், உட்சுவரைச் சுற்றி இழுக்கும் தகைப்பு ஏறத்தாழ 536 மெகாபாஸ்கல் என வருகிறது. துரு அச்சுவரை உட்புறம் எங்கும் 0.1 மி.மீ. தின்றுவிட்டதாக வைத்துக்கொண்டாலும், தகைப்பு 557 மெகாபாஸ்கலுக்கே உயர்கிறது. உயர்வு நூற்றுக்கு நான்கு மட்டுமே. வெப்பப்படுத்திப் பதமாக்கிய குரோம்–மொலிப்டினம் உருக்கு 800 மெகாபாஸ்கலுக்கு மேலும் வளையாமல் தாங்கக்கூடியது. ஆகவே கண்ணுக்கு அருவருப்பாகத் தோன்றும் துரு குறிதவறுவதற்கும் கோது அறையில் ஒட்டிக்கொள்வதற்கும் காரணமாகலாமே தவிர, ஒரே வேட்டில் குழல் பிளப்பதற்கு அது போதாது.

இதனால் உப்பைப் பொருட்படுத்த வேண்டியதில்லை என்றாகிவிடாது. அரிப்பு எங்கும் சீராக நிகழ்வதில்லை; குளோரைட்டு அயன்கள் உருக்கின் காப்புப் படலத்தை ஒரு புள்ளியில் துளைத்ததும், அக்குழிக்குள் அமிலத்தன்மை தானே பெருகி, குழி பக்கவாட்டில் பரவாமல் ஆழமாக இறங்குகிறது. துருப்பிடிக்காதது என நம்பப்படும் 416 வகை உருக்கில் குரோமியம் 12 முதல் 14 சதவீதம் இருந்தபோதிலும், கடைவதற்கு எளிதாக்கச் சேர்க்கப்படும் கந்தகம் இத்தகைய குழிகளுக்குத் தொடக்கப் புள்ளியாகிறது. கறியுப்பான சோடியங் குளோரைட்டு, காற்றின் சார் ஈரப்பதன் 75 சதவீதத்தை எட்டும்போது தானே நீரை உறிஞ்சிக் கரைசலாகிறது. இக்கரையின் இரவுக் காற்று அவ்வளவைப் பெரும்பாலும் தாண்டுகிறது. பகலில் காற்று உலர்ந்தாலும் கடலுப்பில் கலந்துள்ள மகனீசியங் குளோரைட்டு உலர்வதில்லை; 33 சதவீத ஈரப்பதனே அதற்குப் போதும். உப்பு விளைந்தபின் பாத்தியில் எஞ்சும் கசப்புநீர் எத்தனை வெயிலிலும் வற்றாமல் பிசுபிசுத்து நிற்பதைப் புத்தளத்து உப்பளத் தொழிலாளர் நன்கறிவர்; அதே உப்புகளே கடற்காற்றின் திவலைகளோடு வந்து உலோகத்தின்மேல் படிகின்றன. தோட்டாவின் அடியில் பதிந்து முதற்பொறியை எழுப்பும் பிரைமரில் பொட்டாசியங் குளோரேற்று இருந்த பழைய வகைகளைச் சுட்டால், குழலுக்குள்ளேயே பொட்டாசியங் குளோரைட்டு எஞ்சும். எண்ணெய் அதனைக் கரைக்காது. நீரால் கழுவி உலர்த்திய பின்னரே எண்ணெயிட வேண்டும்.

வீக்கத்தின் காரணம் பெரும்பாலும் வேறிடத்தில் இருக்கிறது. தோட்டாவின் வெடிமருந்து ஈரத்தால் கெட்டோ நிரப்பப்படாமலோ இருந்தாலும், பிரைமரின் விசை மட்டுமே ரவையைக் கோதிலிருந்து பிடுங்கிப் புரிகளுக்குள் செலுத்திவிடப் போதுமானது. ரவை அங்கேயே சிக்கி நிற்கும். ஓசை மங்கலாக எழும். பின்னோக்கிச் சென்று கோதை வெளியேற்ற வேண்டிய ஸ்லைட் அசையாது. வேட்டு எழாதபோது உடனே ஸ்லைட்டைக் கையால் இழுத்து அடுத்த தோட்டாவை ஏற்றிச் சுடும்படி அளிக்கப்படும் பயிற்சி, இந்நேரத்தில் ஆபத்தாக மாறுகிறது. முழு வேகத்தில் வரும் இரண்டாம் ரவை நின்ற ரவையில் மோதும் இடத்தில் அழுத்தம் கணப்பொழுது எல்லை மீறி, அவ்விடத்துக் குழற்சுவர் வளையம்போல் வெளியே தள்ளப்படுகிறது.

அவ்வளையமே சிறந்த சான்று. துப்பாக்கியை வெறுமையாக்கிக் குழலைக் கழற்றி, ஒளியை நோக்கிப் பிடித்துத் துளைக்குள் பார்த்தால், புரிகளின் தொடர்ச்சியைக் குறுக்கே வெட்டும் கரிய நிழல் வளையம் தெரியும். துணியால் துடைத்தாலும் அது மறையாது. வெளிப்புறத்தில் விரலை மெல்ல ஓட்டினால் அதே இடத்தில் சிறு மேடு தட்டுப்படும். நுண்மானியால் அளந்தால் ஐயம் தீரும். துருக்குழிகள் ஒழுங்கின்றிச் சிதறிக் கிடக்கும். தடையால் எழுந்த வளையமோ குழலைச் சுற்றி ஒரே வட்டமாக அமையும். குழல் முழுவதும் துருவேறியிருந்தாலும் இவ்வளையம் இருக்குமாயின் பழுதின் காரணம் துருவன்று.

அறை பிளந்திருந்தால் கோதின் அடிப்பகுதியையும் பிரைமரையும் நோக்க வேண்டும். அளவு மீறித் தட்டையாகி விளிம்புவரை பரவிய பிரைமர் மிகை அழுத்தத்தைச் சுட்டும். குழல் சிதையாமல் கோது மட்டும் பின்புறம் கிழிந்திருந்தால், ஸ்லைட் முழுமையாகப் பூட்டப்படுமுன் வேட்டு தீர்ந்ததா என்று ஆராய வேண்டும். குழலை ஸ்லைட்டோடு பூட்டும் முனைப்புகளின் உள்மூலைகளில் எழும் வெடிப்பு வேறு வகையானது. பல ஆயிரம் வேட்டுகளில் சிறிது சிறிதாக வளரும் இக்களைப்பு வெடிப்பின் முறிதளத்தில் கரையில் அலை விட்டுச்சென்ற கோடுகளைப் போன்ற வரிகள் காணப்படும். உப்புக்குழிக்கு உண்மையான பங்கு இங்குதான் உண்டு. தகைப்பு குவியும் மூலையில் ஒரு குழி இருந்தால் வெடிப்பு அங்கிருந்தே கிளம்பும். காந்தத் துகள் சோதனை அதனை முறிவுக்கு முன்பே காட்டிவிடும். 1980களின் பிற்பகுதியில் அமெரிக்கப் படைகளின் பெரெட்டா கைத்துப்பாக்கிகளில் ஸ்லைட் உடைந்தபோது, தோட்டாவின் அழுத்தம் மிகையா, உருக்கின் உரம் குறைவா என்று எழுந்த வாதம், தோட்டாவையும் உலோகத்தையும் சேர்த்தே ஆராய வேண்டியதன் தேவையைக் காட்டுகிறது.

வீக்கத்துக்குத் தடையே பெரும்பாலும் காரணம் என்பதைக் கொண்டு நோக்கினால், கரையோரத்தில் துருவுக்கு அஞ்சிக் குழலிலும் மகசினிலும் எண்ணெயை வழிய விடும் வழக்கம் கவலைக்குரியது. நுண்ணிடைவெளிகளில் ஊடுருவும் எண்ணெய் பிரைமரின் வலுவைக் குறைக்கவோ வெடிமருந்தைக் கெடுக்கவோ கூடும். அவ்வாறாயின் துருவைத் தடுக்க எடுத்த முயற்சியே தடைக்கு வழிவகுத்துவிடும். மெல்லிய படலமாகப் பூசி, சுடுமுன் துளையையும் அறையையும் உலரத் துடைப்பதே முறை. தோட்டாக்களை உலர்த்தியிட்ட காற்றுப்புகாப் பெட்டியில் வைப்பதும், நெடுநாள் மகசினில் கிடந்தவற்றை மாற்றுவதும், மங்கலான ஓசை எழுந்தால் சுடுவதை நிறுத்திக் குழலைக் கழற்றிப் பார்ப்பதும் எந்தப் பூச்சைவிடவும் பயன் தருவன. இத்தகைய மங்கலான ஓசையைக் காதால் அறியப் பயிற்சியாளர் கற்பிக்காதவரை ஆயுதக் களஞ்சியத்தின் அக்கறை மட்டும் போதாது.

வீங்கிய குழலை வெளிப்புறம் அராவி ஸ்லைட் தடையின்றி ஓடச் செய்துவிட்டால் அது திருந்திவிட்டதாகக் கருதுவது பெருந்தவறு. ஏற்கெனவே நெகிழ்ந்து மெலிந்த இடம் மேலும் மெலிகிறது. அக்குழலை விலக்கியே ஆக வேண்டும். பராமரிப்புப் பதிவேட்டில் துடைத்த திகதியோடு, சுட்ட தோட்டாக்களின் உற்பத்தித் தொகுதி எண்ணும் குறிக்கப்பட வேண்டும். அவ்வெண் இல்லையெனில், ஒரு குழல் வீங்கியபின் அதே தொகுதியைச் சேர்ந்த எஞ்சிய தோட்டாக்கள் எந்தெந்தக் காவலரணில் இன்னும் மகசின்களில் ஏற்றப்பட்டிருக்கின்றன என்பதைக் கண்டுபிடித்து மீளப்பெற வழியில்லை.