துயரத்தைத் தாங்கும் கல்வி: ஏதென்ஸிலிருந்து பக்தாத் வரை

மரணம் நேர்ந்த வீட்டில் கண்ணீர் விடாமல் நிற்பவரைப் பொறுமைசாலி என்று புகழ்கிறோம். அழுபவரின் ஈமானைக் குறைத்து மதிப்பவர்களும் நம்மிடையே உண்டு. பொறுமை என்பது உணர்ச்சியற்றுப் போவதுதானா? இந்தப் பழைய கேள்வியை ஆராய்ந்த ஒரு கிரேக்கத் தத்துவ மரபையும், அதன் சாயல் படிந்த முஸ்லிம் அறிஞர் ஒருவரின் நூலையும் இங்கு காண்போம்.

கி.மு. 300 வாக்கில் சைப்ரஸ் தீவினரான ஜீனோ, ஏதென்ஸ் நகரில் ஓவியங்கள் நிறைந்த ஒரு தூண் மண்டபத்தில் பாடம் நடத்தத் தொடங்கினார். அவர் கப்பல் உடைந்து சரக்கை இழந்த வணிகர் என்று பழைய நூல்கள் கூறுகின்றன. அம்மண்டபத்தைக் கிரேக்கர் ‘ஸ்டோவா’ என்றனர். அதனால் அவர் வழியினர் ஸ்டோயிக்குகள் எனப்பட்டனர். அரபியில் தூண் மண்டபம் ‘ரிவாக்’ ஆதலால், அரபு நூல்கள் அவர்களை ‘ரிவாக்கிய்யூன்’ என்றழைத்தன.

நற்குணம் ஒன்றே உண்மையான நன்மை என்பது அவர்களின் அடிப்படைக் கொள்கை. ரோமில் அடிமையாக இருந்து பின்னர் ஆசிரியரான எபிக்டெட்டஸ் அதை எளிமையாக விளக்கினார்: நம் எண்ணமும் முடிவும் நம் வசம் உள்ளன, உடலும் பொருளும் பதவியும் நம் வசம் இல்லை. கி.பி. 161 முதல் 180 வரை ரோமை ஆண்ட பேரரசர் மார்க்கஸ் அரேலியஸும் இப்பாடத்தையே பயின்றார்.

எபிக்டெட்டஸ் ஓர் உவமை சொன்னார். கப்பல் கரையில் நிற்கும்போது இறங்கிச் சிப்பி பொறுக்கலாம். மாலுமி அழைத்தால் அனைத்தையும் போட்டுவிட்டு ஓடி வர வேண்டும்.

கி.பி. 9ஆம் நூற்றாண்டில் அப்பாஸியரின் ஆட்சியில் வாழ்ந்த அல்-கிந்தி, கவலைகளை அகற்றும் உபாயம் பற்றி எழுதிய சிறு நூலில் இதே உவமை விரிவாக இடம்பெறுகிறது. பூக்களிலும் கற்களிலும் மயங்கித் தாமதித்தவர்கள் கப்பலில் நெருக்கடியான இடத்தில் சுமைகளோடு அவதியுறுகின்றனர். வெகுதூரம் சென்றவர்களுக்கு அழைப்பே கேட்பதில்லை. நம்மிடம் இருப்பவை இரவல். கொடுத்தவன் திரும்பப் பெறுவதில் முறையீடு இல்லை என்கிறார் அவர். நாம் அமானிதம் என்று கூறுவதும் இதுவே. கலீஃபா முதவக்கிலின் காலத்தில் எதிரிகளின் சூழ்ச்சியால் அல்-கிந்தியின் நூலகமே பறிக்கப்பட்டுப் பின்னர் திரும்பக் கிடைத்தது என்று இப்னு அபீ உஸைபிஆ எழுதுகிறார். இழப்பு என்பது அவருக்கு ஏட்டளவில் நின்றுவிடவில்லை.

எனினும் ஸ்டோயிக்குகளின் பாதையும் நம் பாதையும் ஓரிடத்தில் பிரிகின்றன. துக்கம் தவறான கணிப்பிலிருந்து பிறப்பது. ஞானியிடம் அது இராது என்றனர் அவர்கள். நம் நபி (ஸல்) அவர்களோ தம் மகன் இப்ராஹீம் மறைந்தபோது கண்ணீர் சிந்தினார்கள். அக்கண்ணீரை இரக்கம் என்றே விளக்கினார்கள். இறைவனுக்குப் பிடிக்காத சொல் எதுவும் அவர்கள் நாவில் எழவில்லை. ஸப்ர் என்பது கண்ணீரைத் தடுப்பதன்று, இறைவனின் மீதான முறையீட்டைத் தடுப்பதே என்பதை இதிலிருந்து அறிகிறோம்.

ஆகவே, துக்க வீட்டில் அழும் குழந்தையை அதட்ட வேண்டாம். பொருளும் உறவும் அமானிதம் என்பதை அதன் நல்ல நாட்களிலேயே கற்றுக்கொடுப்போம். துயரம் வந்த நாளில், அருகில் அமர்ந்து அதன் கண்ணீரைத் துடைப்போம்.