சாத்தான்குளம் வட்டாரத்தில் திருச்சபை வாழ்வும் இல்லத்து ஞானோபதேசமும்

திருநெல்வேலிச் சீமையின் தென்கிழக்கே, தாமிரபரணியின் வாய்க்கால் நீர் எட்டாத செம்மண் தேரிகளுக்கும் பனங்காடுகளுக்கும் இடையே அமைந்த சாத்தான்குளம் வட்டாரத்தில், பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதி முதல் வேரூன்றி வளர்ந்த கிறிஸ்தவ சபைகளின் கூட்டு வாழ்வையும், அச்சபையார் தம் பிள்ளைகளுக்கு வேத வசனத்தையும் ஜெபத்தையும் நல்லொழுக்கத்தையும் வீட்டிலேயே பயிற்றுவித்து வந்த முறையையும் இக்கட்டுரை கூறும். இவ்விரண்டும் ஒன்றையொன்று தாங்கி நின்றவை. கோயிலில் கேட்ட உபதேசம் வீட்டுத் திண்ணையில் மறுபடி ஓதப்பட்டும், வீட்டில் பழகிய பக்தி கோயிலில் சபையாரின் ஒருமித்த குரலாக எழுந்தும் வந்தமையால், ஒன்றின் வரலாற்றை மற்றொன்றை விடுத்து எழுதுதல் இயலாது. கற்பிப்போர் யார், கற்போர் யார் என்பது மட்டும் காலந்தோறும் மாறி வந்தது.

முன்வரலாறு

இவ்வட்டாரத்தின் கீழ்ப்புறக் கடற்கரையில், 1542-ஆம் ஆண்டு முத்துக்குளித்துறைக்கு வந்த பிரான்சிஸ் சவேரியார், பரவர் ஊர்களில் கையாண்ட முறையே இல்லத்து ஞானோபதேசத்துக்குத் தமிழ்நாட்டில் நாம் அறியக்கூடிய முதற்பெரும் சான்றாகும். தமிழும் போர்த்துகீசியமும் அறிந்தவர்களின் துணையால் விசுவாசப் பிரமாணத்தையும் பரமண்டல ஜெபத்தையும் பத்துக் கட்டளைகளையும் தமிழாக்கி, கையில் மணியேந்தித் தெருத்தோறும் நடந்து சிறுவரைக் கூட்டி, அவற்றை மனனம் செய்வித்த அவர், கற்ற பாடத்தைத் தாய் தந்தையருக்கும் வீட்டாருக்கும் அயலாருக்கும் கற்பிக்குமாறு அச்சிறுவர்களையே ஏவினார் என்பது அவர் 1544-இல் எழுதிய கடிதத்தால் விளங்குகிறது. பெரியோர் சிறியோருக்கு ஓதும் உலக வழக்குக்கு மாறாக, இங்கே பிள்ளையே வீட்டுக்கு முதல் உபதேசியாயிற்று. அவருக்குப் பின் அக்கரையில் நெடுங்காலம் உழைத்த அண்டிரிக் அடிகளார், 1578-இல் கொல்லத்தில் அச்சிட்ட 'தம்பிரான் வணக்கம்' என்னும் சிறு நூலும் இவ்வகை ஞானோபதேசமே. தமிழ் எழுத்தில் அச்சேறி இன்று நமக்குக் கிடைக்கும் மிகப் பழைய புத்தகம் அதுவாகும்.

மேலை நாட்டில் மார்ட்டின் லூதர் 1529-இல் வெளியிட்ட சிறிய ஞானோபதேசம், குடும்பத் தலைவன் தன் வீட்டாருக்கு எளிய முறையில் கற்பிக்க வேண்டும் என்னும் நோக்கத்தோடு இயற்றப்பட்டது. 1706-இல் தரங்கம்பாடிக்கு வந்த சீகன்பால்கு அந்நூலைத் தமிழில் தந்தார். தரங்கம்பாடியிலிருந்து தஞ்சைக்கும், தஞ்சையிலிருந்து ஸ்வார்ட்ஸ் ஐயர் வாயிலாகப் பாளையங்கோட்டைக்கும் பரவிய சீர்திருத்தச் சபை, வீட்டுத் தலைவனே தன் இல்லத்துக்கு ஆசான் என்னும் அக்கொள்கையையும் தன்னோடு கொண்டுவந்தது. ஸ்வார்ட்ஸ் 1778-இல் பாளையங்கோட்டையில் ஞானஸ்நானம் அளித்த குளோரிந்தா என்னும் விதவை மாதரசியின் முயற்சியால் 1785-இல் அங்கே ஆலயம் எழுந்தது; 1780-ஆம் ஆண்டுச் சபைப் பதிவேட்டில் காணும் பெயர்கள் நாற்பதே.

முதலூரும் ஊர்ச் சபைகளும்

சாத்தான்குளத்தை அடுத்த விஜயராமபுரம் பகுதியைச் சேர்ந்த தாவீது சுந்தரானந்தம், தஞ்சையில் விசுவாசத்தை ஏற்றுத் தம் நாடு திரும்பி, 1790-இல் குருப்பட்டம் பெற்ற சத்தியநாதனோடு சேர்ந்து உழைத்ததன் பயனாகப் பனைத்தொழில் செய்யும் குடும்பங்கள் பல கிறிஸ்தவத்தைத் தழுவின. தழுவியோர் தம் சொந்த ஊர்களில் அடைந்த துன்பம் தாங்கவொண்ணாததாயிற்று; வீடுகள் இடிக்கப்பட்டன, ஜெபக்கூடங்கள் கொளுத்தப்பட்டன. ஆகவே அவர்களுக்கென 1799-இல் நிலம் வாங்கிக் குடியேற்றப்பட்ட ஊரே முதலூர்; திருநெல்வேலிச் சீமையில் கிறிஸ்தவர்களுக்கென எழுந்த முதற் குடியிருப்பு அதுவே. கோயிலைச் சுற்றியே வீடுகளும், கோயில் மணியை ஒட்டியே நாளின் வேலைகளும் அமைந்த இவ்வூர், பிற்காலத்தில் தோன்றிய கிறிஸ்தவ ஊர்களுக்கெல்லாம் மாதிரியாயிற்று.

1806 முதல் 1816 வரையுள்ள ஏறத்தாழப் பத்தாண்டு காலம் இச்சபைகளுக்குப் பெருஞ் சோதனைக் காலமாகும். ஐரோப்பியப் போதகர் எவரும் இங்குத் தங்கியிருக்கவில்லை; 1811-இல் பரவிய கொடிய காய்ச்சலில் பலர் மாண்டனர்; அச்சத்தால் பின்வாங்கியோரும் உண்டு. ஆயினும் 1816-இல் பாளையங்கோட்டைச் சேனைக் குருவாக வந்த ஜேம்ஸ் ஹக் ஐயர், முதலூரும் இச்சீமையின் மற்றொரு கிறிஸ்தவ ஊராகிய நாசரேத்தும் தம் விசுவாசத்தில் நிலைத்து நிற்கக் கண்டார். நாட்டுக் குருமாரும் உபதேசியார்களும் இடைவிடாது பணியாற்றியது இதற்கு ஒரு காரணம். ஜெபத்தையும் கட்டளைகளையும் நெஞ்சில் இருத்திய வீடுகள் இருந்தமை மற்றொரு காரணம். வெளித் துணை அற்ற காலத்தில் சபை எங்கே உயிர் தரித்திருக்கும் என்பதை இப்பத்தாண்டுகள் தெளிவாகக் காட்டுகின்றன.

உபதேசியாரும் பள்ளிப் பிள்ளையும்

1820-இல் பாளையங்கோட்டைக்கு வந்த ரேனியஸ் ஐயரின் காலத்தில் சபைகள் விரைந்து பெருகின. துன்புறுத்தப்பட்ட கிறிஸ்தவர்களுக்கு நிலம் வாங்கித் தருவதற்கென 1830-இல் அவர் தர்ம சங்கத்தை நிறுவினார். ஊர்தோறும் ஜெபக்கூடமும் பள்ளிக்கூடமும் உபதேசியார் வீடும் அருகருகே அமைந்தன. பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில் சாத்தான்குளம், கடாட்சபுரம், மெய்ஞ்ஞானபுரம், சுவிசேஷபுரம் முதலியவை சர்ச் மிஷனரி சங்கத்தின் தனித்தனி மிஷன் வட்டாரங்களின் தலைமையிடங்களாயின. முதலூர், நாசரேத், இடையன்குடி, சாயர்புரம் முதலியவை சுவிசேஷ விருத்திச் சங்கத்தைச் சார்ந்தன.

விடியுமுன் பனையேறச் செல்லும் ஆடவர்க்கும், பதநீர் காய்ச்சும் அடுப்பை விட்டு அகல இயலாத பெண்டிர்க்கும் ஏற்றவாறு உபதேச வேளைகள் வகுக்கப்பட்டன. எழுத்தறியாத முதியோர் உபதேசியாரின் வாய்ச்சொல்லைத் திரும்பத் திரும்பச் சொல்லியே வினாவிடையைப் பாடம் செய்தனர். அவ்வீட்டுப் பிள்ளைகளோ பள்ளிக்குச் சென்று எழுத்துக் கற்றனர். மாலையில் வீடு திரும்பிய பிள்ளை வேதப் புத்தகத்தை விரித்து வாசிக்க, பாளை அரிவாளைக் கீழே வைத்த தகப்பன் அமர்ந்து கேட்டான். மூன்று நூற்றாண்டுகளுக்கு முன் கடற்கரையில் சவேரியார் தொடங்கிய முறை, பனங்காட்டில் எழுத்தறிவின் வாயிலாக மறுபடி தோன்றியது எனலாம். வேதத்தைத் தானே வாசிக்க வேண்டும் என்னும் இவ்வேட்கையே இச்சீமையில் கல்வி பரவுவதற்கு உரமாயிற்று.

தாய்மார் பணி

அடுத்த தலைமுறையில் உபதேசத்தின் பொறுப்புத் தாயின் கையில் வந்து சேர்ந்தது. இதற்கு வழிகோலியவை பெண் விடுதிப் பள்ளிகளாகும். நாகர்கோவிலில் சரிகைப்பின்னல் தொழிலைப் புகுத்திய மார்த்தா மால்ட் அம்மையாரின் புதல்வியும், தமிழைத் தாய்மொழிபோல் பேசியவருமான எலிசா கால்டுவெல் அம்மையார், தம் கணவர் கால்டுவெல் ஐயரோடு இடையன்குடியில் வாழ்ந்து அங்கே பெண்பிள்ளைகளுக்கு விடுதிப் பள்ளி நடத்தினார். வாசிப்பும் தையலும் வேதபாடமும் கற்று அத்தகைய பள்ளிகளிலிருந்து வெளிவந்த பெண்கள், தாங்கள் வாழ்க்கைப்பட்ட ஊர்களில் வீட்டு ஜெபத்தை நடத்தும் தகுதி வாய்ந்தவர்களாயினர்.

இவ்வகையில் சாத்தான்குளத்தை அடுத்த கடாட்சபுரம் தனிச் சிறப்புக்குரியது. தென்னிந்தியாவில் ஆங்கிலிக்கன் சபையின் குருப்பட்டம் பெற்ற முதல் இந்தியரான ஜான் தேவசகாயம் ஐயர், அங்கே போதகராயிருந்தார். அவர் புதல்வி அன்னாள், முற்கூறிய சத்தியநாதனின் வேறானவரும் திருநெல்வேலியைச் சேர்ந்தவருமான சத்தியநாதன் ஐயரை மணந்து, சென்னைச் சிந்தாதிரிப்பேட்டையில் வீடுவீடாகச் சென்று பெண்களுக்குக் கல்வி புகட்டியதோடு, 1860களில் 'நல்ல தாய்' என்னும் நூலைத் தமிழில் எழுதினார். பிள்ளை வளர்ப்பைப் பற்றித் தமிழ்ப் பெண்மணி ஒருவர் தமிழ்த் தாய்மாருக்கென எழுதி அச்சிட்ட நூல்களுள் அது காலத்தால் முற்பட்டவற்றுள் ஒன்று. போதகர் வீட்டில் மகளாய்க் கற்றதை ஊரார் வீடுகளுக்குத் தாயாய் நின்று கற்பித்த அவ்வம்மையாரின் வாழ்வில், இல்லமும் சபையும் ஒன்றாகக் கலந்து நிற்பதைக் காண்கிறோம்.

மெய்ஞ்ஞானபுரத்தை அடுத்த வெள்ளாளன்விளையில் 1874-இல் பிறந்த வேதநாயகம் சாமுவேல் அசரியாவின் வாழ்வு தாயின் பயிற்சிக்கு மற்றோர் உதாரணம். ஆண்மகவுக்காக நெடுங்காலம் காத்திருந்த பெற்றோர், வேதாகமத்தில் அன்னாள் தன் மகனைக் கர்த்தருக்கு ஒப்புக்கொடுத்ததைப் பின்பற்றி அவருக்குச் சாமுவேல் எனப் பெயரிட்டனர். குருவானவரான தகப்பனார் மகனின் இளமையிலேயே மறைந்துவிட, கண்டிப்பும் பக்தியும் மிக்க அன்னை எல்லன் அம்மையாரின் பயிற்சியே அசரியாவின் ஒழுக்கத்துக்கு அடித்தளமாயிற்று. அவர் 1912-இல் தோர்ணக்கல் அத்தியட்சராக அபிஷேகம் பெற்று, ஆங்கிலிக்கன் சபையின் முதல் இந்திய அத்தியட்சர் என்னும் பெருமையை அடைந்தார்.

வீட்டு ஜெபத்தின் அமைப்பு

இவ்வட்டாரத்தில் குடும்ப ஜெபம் பெரும்பாலும் இரவு உணவை ஒட்டி நடைபெறும். பாய் விரித்து வீட்டார் அனைவரும் அமர்ந்து, ஒரு பாட்டுப் பாடி, சங்கீதம் ஒன்றை முறைவைத்து வாசித்து, பிள்ளைகள் மனப்பாட வசனம் ஒப்புவித்து, பெரியவர் ஒருவர் ஜெபித்து, பரமண்டல ஜெபத்தோடு முடிப்பர். உண்ணுமுன் நன்றி செலுத்துதல், பெரியோரைக் கண்டதும் ஸ்தோத்திரம் சொல்லுதல், பொய் சொல்லாமை, ஓய்வுநாளை ஆசரித்தல், பிச்சைக்காரரை வெறுங்கையாய் அனுப்பாமை ஆகியவை, தனிப் பாடமாக அன்றி நாள்தோறும் பெற்றோரைப் பார்த்தே பிள்ளைகள் கற்கும் அனுஷ்டானங்களாம்.

பாட்டின் பங்கு இதில் பெரிது. பாளையங்கோட்டையில் 1774-இல் பிறந்து தஞ்சையில் ஸ்வார்ட்ஸ் ஐயரிடம் வளர்ந்த வேதநாயக சாஸ்திரியாரின் கீர்த்தனைகள், நாட்டு ராகங்களில் அமைந்தமையால் எழுத்தறியாத வீடுகளிலும் புகுந்தன. அவருடையனவும் பிறருடையனவுமான பாடல்களை எட்வர்டு வெப் ஐயர் 1853-இல் தொகுத்து வெளியிட்ட கீர்த்தனைப் புத்தகம் சபைகளுக்குப் பொதுவாயிற்று. திருநெல்வேலியை அடுத்த கரையிருப்பில் 1827-இல் பிறந்து, சாயர்புரத்தில் ஆசிரியராயிருந்து, 1858-இல் ஞானஸ்நானம் பெற்ற எச். ஏ. கிருஷ்ண பிள்ளையின் 'இரட்சணிய மனோகரம்', வைணவ பக்திப் பாசுரங்களின் குழைவைக் கிறிஸ்தவ இல்லங்களுக்கு அளித்தது. தாலாட்டும் வயதிலேயே செவியில் விழுந்த இப்பாடல்கள், பிள்ளைகளுக்கு வேதத்தோடு நல்ல தமிழையும் ஊட்டின.

சபையின் கூட்டு வாழ்வு

ஆங்கிலிக்கன் வழிபாட்டு முறையில் ஞானஸ்நானத்தின்போது குழந்தைக்காக நிற்கும் ஞானத் தகப்பனும் ஞானத் தாயும், அப்பிள்ளைக்கு விசுவாசப் பிரமாணம், கர்த்தருடைய ஜெபம், பத்துக் கட்டளைகள் ஆகியவற்றைக் கற்பிக்கச் செய்யும் கடமையைச் சபையின் முன் ஏற்கின்றனர். பிள்ளை பகுத்தறியும் பருவம் எய்தியபின் அத்தியட்சரிடம் திடப்படுத்தல் பெற்று நற்கருணைக்குத் தகுதியாகிறது. ஆகவே ஒரு பிள்ளையின் பயிற்சி, பெற்றோரின் சொந்தக் காரியமாக மட்டும் நில்லாமல், சபையார் அனைவரும் சாட்சியாக நின்று ஏற்ற பொறுப்பாகிறது.

ஈகையும் இவ்வாறே வீட்டில் தொடங்கிக் கோயிலில் நிறைவெய்தியது. உலையில் அரிசி இடுமுன் ஒரு பிடியை எடுத்துக் கலயத்தில் போடும் பிடியரிசிக் காணிக்கையைத் தாய் செய்யக் கண்டும், அதனைக் கோயிலுக்குத் தூக்கிச் சென்றும் பழகிய பிள்ளை, கொடுத்தல் என்பது மிகுதியிலிருந்து அன்று, அன்றாட உணவிலிருந்தே என அறிந்துகொண்டது. அறுப்பின் பண்டிகையில் கருப்பட்டியும் நுங்கும் தேங்காயும் கோழியும் காணிக்கையாக வந்து ஏலத்துக்கு விடப்படும். ஆண்டுக்கொருமுறை ஊரார் கூடிச் சமைத்து வரிசையாய் அமர்ந்து உண்ணும் அசனம், இவ்வட்டாரச் சபைகளின் தனிச் சம்பிரதாயம். வெளியூரில் பிழைப்போரும் அதற்கென்றே ஊர் திரும்புவர். இவ்வெளிய காணிக்கைகளில் பழகிய சபையாரே, அசரியா முதலியோரின் முயற்சியால் 1903-இல் திருநெல்வேலி இந்திய மிஷனரி சங்கத்தை நிறுவி, அந்நிய நிதியை எதிர்பாராமல் தெலுங்கு நாட்டுக்கு ஊழியரை அனுப்பினர்.

சபை வாழ்வு குறையற்றதாய் இருந்தது எனக் கூறுவது உண்மையாகாது. சாதிப் பிரிவினை கோயிலுக்குள்ளும் நுழைந்தது. இச்சீமையின் தென்கோடியில், வடக்கன்குளம் கத்தோலிக்க ஆலயத்தில் மக்களைச் சாதிவாரியாகப் பிரித்து நின்ற சுவர், கௌசானல் அடிகளார் காலத்தில் 1910-இல்தான் இடிக்கப்பட்டது. கோயிலில் சுவர் நிற்கும் வரையில், அயலானை நேசிக்க வேண்டும் என்னும் கட்டளையை வீட்டில் எத்தனை முறை ஒப்புவித்தாலும் பிள்ளைகள் சுவரையே பாடமாகக் கற்பர். இல்லத்து உபதேசத்துக்குச் சபையின் நடத்தையே உரையாதலின், அதில் நேரும் குற்றம் மிகப் பெருங் குற்றமாகும்.

ஞாயிறு பள்ளியும் பிற்கால நிலையும்

இங்கிலாந்தின் குளஸ்டர் நகரில் 1780-ஆம் ஆண்டளவில் ராபர்ட் ரேக்ஸ், தொழிற்சாலைச் சிறுவருக்கெனத் தொடங்கிய ஞாயிறு பள்ளி முறை உலகெங்கும் பரவித் திருநெல்வேலிச் சபைகளிலும் ஓய்வுநாள் பள்ளியாக நிலைபெற்றது. கோடை விடுமுறையில் நடக்கும் விடுமுறை வேதாகமப் பள்ளி இருபதாம் நூற்றாண்டில் அதனோடு சேர்ந்தது. பாளையங்கோட்டையில் 1895-இல் கல்லூரி நிலைக்கு உயர்ந்த சாராள் தக்கர் கல்வி நிலையத்தில் பயின்ற ஆசிரியைகள் பலர் இப்பணிகளுக்குத் துணைநின்றனர். 1896-இல் திருநெல்வேலி அத்தியட்சாதீனம் அமைந்தது. 1947 செப்டம்பர் 27-இல் தென்னிந்தியத் திருச்சபை உருவானபோது அவ்வத்தியட்சாதீனம் அதனுள் இணைந்தது. 2003-இல் சாத்தான்குளம் உள்ளிட்ட கீழைப் பகுதிகள் தூத்துக்குடி-நாசரேத் திருமண்டலமாகப் பிரிந்தன.

இன்று பனைத்தொழில் அருகி, குடும்பங்கள் சென்னை, மும்பை, வளைகுடா நாடுகள் எனப் பரவியுள்ளன. ஞாயிறு பள்ளியும் கிறிஸ்தவப் பாடசாலையும் நன்கு நடைபெறுவதால், பிள்ளைக்குரிய உபதேசம் முழுவதையும் அவையே கவனித்துக்கொள்ளும் எனப் பெற்றோர் எண்ணத் தலைப்பட்டது இக்காலத்து மாறுதலாகும். வாரத்தில் ஒரு மணி நேரம் நடக்கும் வகுப்பு, நாள்தோறும் வீட்டில் காணும் நடக்கையின் இடத்தைப் பெற இயலாது. குடியேறிய நகரங்களிலும் இரவு ஜெபத்தைக் கைவிடாத குடும்பங்களே, அங்கே புதிய தமிழ்ச் சபைகள் எழக் காரணமாயின என்பதும் கருதத்தக்கது. கடற்கரைச் சிறுவர், பள்ளிப் பிள்ளை, உபதேசியார், தாய் என ஆசான் மாறிக்கொண்டே வந்த இவ்வரலாற்றில் மாறாது நின்ற இடம் வீடு ஒன்றே. ஆதலின் இவ்வட்டாரச் சபைகளின் எதிர்காலம், அவை எழுப்பும் கட்டடங்களைவிட, மாலைதோறும் பெற்றோர் தம் பிள்ளைகளோடு செலவிட இசையும் நேரத்தையே பெரிதும் சார்ந்துள்ளது.