சம்மனை வாங்கலைன்னா கேஸ் நின்னுடுமா? 'எக்ஸ்பார்ட்டி' தீர்ப்பு என்றால் என்ன?

நிற்காது. சிவில் வழக்கில் சம்மனை வாங்க மறுத்தாலும், அது சேர்ந்துவிட்டதாக நீதிமன்றம் அறிவிக்கலாம். அதன்பிறகும் பிரதிவாதி ஆஜராகாவிட்டால், வாதி தரப்பை மட்டும் கேட்டு தீர்ப்பு வரும். இதுதான் 'எக்ஸ்பார்ட்டி', அதாவது ஒருதலைப்பட்சத் தீர்ப்பு. இதை வைத்து சொத்தை ஜப்தி செய்யவும் மனு போட முடியும்.

அப்படி தீர்ப்பு வந்துட்டா என்ன பண்றது?

தீர்ப்பு வந்த 30 நாளுக்குள், அதை ரத்து செய்யக் கோரி அதே நீதிமன்றத்தில் மனு போடலாம். 1908-ம் ஆண்டின் உரிமையியல் நடைமுறைச் சட்டத்தில் ஆணை 9, விதி 13 இதற்கு வழி தருகிறது. சம்மன் முறையாக வரவில்லை அல்லது ஆஜராக முடியாததற்குத் தகுந்த காரணம் இருந்தது என்று காட்ட வேண்டும். சம்மன் முறையாக வராதவர்களுக்கு, தீர்ப்பு பற்றித் தெரிந்த நாளிலிருந்துதான் 30 நாள் கணக்கு.